விண்டோஸ் 10-க்குப் பின் லினக்ஸ்: நிறுவியபின் வரும் தொல்லைகளுக்குக் காரணம் என்ன?

மருதநிலம்

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் தட்டச்சு, டிடிபி, இணையவழி விண்ணப்பம் ஆகியவற்றைச் செய்து தரும் கடை ஒன்றை நானும் என் கணவரும் நடத்தி வருகிறோம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. எங்களிடம் உள்ள கணினிகளில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, செயலிகளும் (பிராசசர்) பழையவை என்பதால் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற வழியில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை எடைக்குப் போட மனம் ஒப்பவில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளத்தை ஒரு மடிக்கணினியிலும், விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே ஒரு மேசைக்கணினியிலும் நிறுவினேன்.

நிறுவும் வேலை எளிதாகவே முடிந்தது. தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது. மடிக்கணினியில் வைஃபை என்ற ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவரை இறக்குவதற்கு இணையம் வேண்டும் என்கிறது, இணையம் வருவதற்கோ டிரைவர் வேண்டும். மேசைக்கணினியில் லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கிறது. ரசீதுகளில் தவறான நேரம் அச்சாகிறது. ஜெராக்ஸ் கடைகளில் பரவலாகக் காணப்படும் சிறிய லேசர் அச்சுப்பொறி ஒன்று எங்களிடமும் உண்டு; பட்டியலில் அதன் பெயர் வருகிறது, அச்சிடச் சொன்னால் வேலை முடிந்தது என்று காட்டுகிறது, தாள் மட்டும் வெளியே வருவதில்லை. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தும் எழுத்துகள் ஒழுங்காகச் சேரவில்லை. எங்களிடம் பணிபுரியும் அம்மா பழைய தட்டச்சு முறையில்தான் அடிப்பார், அவருக்கு என்ன செய்வது என்றும் புரியவில்லை.

இணையத்தில் தேடினால் பத்தாண்டுகளுக்கு முந்தைய விடைகள் கிடைக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்கின்றன. எதையாவது தட்டி ஓட வைப்பதைவிட, இவை ஏன் இப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். காரணம் தெரிந்தால் அடுத்த கணினிக்கு நானே வழி கண்டுகொள்வேன்.

தென்றல்வழி

வணக்கம் சகோதரி. மின்ட்டை விட்டுவிட்டு ஃபெடோரா அல்லது மஞ்சாரோ என்ற வேறு லினக்ஸ் வழங்கலை (டிஸ்ட்ரோ) நிறுவிப் பாருங்கள். அவற்றில் புதிய கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) இருப்பதால் வன்பொருள் ஆதரவு கூடுதலாக இருக்கும். எனக்கு வைஃபை சிக்கல் வந்தபோது வழங்கலை மாற்றியதும் தீர்ந்தது.

செங்காந்தள்

தென்றல்வழி நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த அறிவுரையை நான் வன்மையாக மறுக்க விரும்புகிறேன். புதிதாக வரும் ஒருவர் என்ன சிக்கலைச் சொன்னாலும் 'வேறு வழங்கலை நிறுவிப் பாருங்கள்' என்று பதில் சொல்வது நம் சமூகத்தில் பழகிப்போன வழக்கம். அதனால் அவருடைய ஒரு நாள் வீணாகிறது, காரணமும் கடைசி வரை தெரியாமலே போகிறது. சில வேளைகளில் சிக்கல் தீர்வதும் உண்டு. எதனால் தீர்ந்தது என்று தெரியாததால், அடுத்த புதுப்பிப்பில் அது திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சகோதரி கேட்டது காரணத்தை. அதற்கு விடை இருக்கிறது.

வைஃபையை எடுத்துக்கொள்வோம். கர்னலில் அந்தச் சில்லுக்கான டிரைவர் இருந்தாலும், சில்லுக்குள்ளேயே ஏற்றப்பட வேண்டிய ஃபர்ம்வேர் என்ற தனி நிரல் ஒன்று தேவைப்படுகிறது. அதைச் சில்லு தயாரித்த நிறுவனம் மட்டுமே எழுதித் தர முடியும். அதன் மூலநிரல் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. மூலநிரல் இல்லாத எதையும் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்ற கொள்கையை டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் நெடுங்காலம் கடைப்பிடித்தது. கொள்கையளவில் அது மதிக்கத்தக்கது. ஆனால் வைஃபையை மட்டுமே நம்பியிருந்தவர்கள் நிறுவலின் நடுவிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் பொது வாக்கெடுப்பு நடத்தி இந்த நிலையை மாற்றினார்கள், 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேரும் வருகிறது. நீங்கள் படித்த பழைய விடைகள் பலவும் இந்த மாற்றத்துக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தவை. அவை குழப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கும் மேல் ஒரு வகை உண்டு. சில சில்லுகளுக்கு டிரைவரே கர்னலுக்குள் இல்லை. நிறுவனம் தனியாகக் கொடுத்த நிரலை உங்கள் கணினியில் இருக்கும் கர்னலுக்கு ஏற்பத் தொகுத்துச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு முறை கர்னல் புதுப்பிக்கப்படும்போதும் அதை மறுபடி தொகுக்க வேண்டும். டிகேஎம்எஸ் என்ற அமைப்பு அதைத் தானாகவே செய்துவிடும். புதிய கர்னலுக்கு ஏற்ப அந்தப் பழைய நிரல் திருத்தப்படாமல் இருந்தால் மட்டும் தொகுப்பு தோல்வியடையும், நேற்று வரை வேலை செய்த வைஃபை இன்று காணாமல் போகும். அப்படி நேர்ந்தால் கணினி தொடங்கும்போது வரும் க்ரப் (GRUB) என்ற தொடக்கப் பட்டியலில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது அங்கேயே பத்திரமாக இருக்கும்.

இப்போது உங்களுக்கான வழியைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பிவழி வலையமைப்பாக எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் தேவையில்லை. பிறகு மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்தால் உங்கள் சில்லுக்குரியதைக் காட்டும். கைபேசி இல்லாவிட்டால் நிறுவுவதற்குப் பயன்படுத்திய அதே பென்டிரைவைச் செருகியும் டிரைவர் மேலாளர் சில டிரைவர்களை எடுத்துக்கொள்ளும்.

டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்டால் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலை ஏற்காத தொடக்கப் பாதுகாப்பு) இயக்கத்தில் இருக்கிறது என்பது அதன் பொருள். வெளியிலிருந்து தொகுக்கப்பட்ட டிரைவருக்குக் கணினி ஒரு கையொப்பத்தை இடும், அந்தக் கையொப்பத்தை ஏற்கலாமா என்று அடுத்த தொடக்கத்தில் உங்களிடம் கேட்கும். நீலத் திரை ஒன்று வந்து, ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லிச் சில நொடிகள் மட்டுமே காத்திருக்கும். பலர் அதை ஏதோ பிழைச் செய்தி என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள், திரை மறைந்து கணினி வழக்கம்போல் தொடங்கிவிடும், டிரைவர் மட்டும் ஏறாது. அந்தத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' (கையொப்பச் சாவியைப் பதிவுசெய்தல்) என்பதைத் தேர்ந்து, 'கன்டினியூ', 'யெஸ்' என்று சென்று, எழுதி வைத்த கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். அடிக்கும்போது எழுத்துகள் தெரியாது, நிதானமாக அடியுங்கள்.

பழைய பெட்டி

செங்காந்தள் எழுதியது அனைத்தும் சரி. அதைப் படிக்கும்போதே எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். சர்வர்களில் பல ஆண்டுகளாக லினக்ஸைப் பயன்படுத்துபவன் என்பதால் இதை வெறுப்பில் எழுதவில்லை. ஒரு சகோதரி கடை நடத்துகிறார். வாசலில் ஆள் நிற்கும்போது அவர் எம்ஓகே என்றால் என்னவென்று படித்துக்கொண்டிருக்க முடியாது. இணையச் சேவை செய்யும் கடை என்றால் ஆதார் கைரேகைக் கருவி இருக்கும், அதை ஆதார் அமைப்போடு இணைக்கும் ஆர்டி சேவை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் கிடைக்கிறது. டிடிபி என்றால் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள் குவிந்து கிடக்கும். இவை இரண்டுக்கும் லினக்ஸில் நேரான மாற்று இல்லை.

மேலும், பழைய கணினிக்கு லினக்ஸ் உயிர் கொடுக்கும் என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்பது அரை உண்மை. இரண்டு ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இயங்குதளம் எவ்வளவு இலகுவாக இருந்தாலும், உலாவியில் நான்கு தளங்களைத் திறந்தவுடன் மூச்சு வாங்கும். இன்றைய வலைத்தளங்களின் எடை அப்படி. 32-பிட் செயலிக்கோ 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் நிறுவல் வட்டே இல்லை. விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பை 2026 அக்டோபர் வரையாவது தனிப் பயனர்கள் பெற முடியும். அதற்குள் ஒரு நல்ல பழைய கணினியை வாங்கிக்கொள்வதே கடைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

மருதநிலம்

செங்காந்தள் ஐயா, மிக்க நன்றி. கைபேசியை இணைத்தவுடன் இணையம் வந்துவிட்டது, டிரைவர் மேலாளரும் சில்லைக் கண்டுபிடித்தது. நீங்கள் எச்சரித்த நீலத் திரையும் வந்தது. முன்பே படித்திருந்ததால் அஞ்சாமல் கடந்துவிட்டேன், வைஃபை இப்போது ஓடுகிறது.

பழைய பெட்டி ஐயா சொல்வதையும் நான் ஒதுக்கவில்லை. கைரேகைக் கருவி உள்ள கணினியை நான் தொடப்போவதில்லை, அதில் விண்டோஸ்தான் இருக்கும். ஆனால் மற்றவற்றில் நடப்பது உலாவி, தமிழ்த் தட்டச்சு, பிடிஎஃப், அச்சு ஆகிய நான்கு மட்டுமே. எல்லாவற்றிலும் எட்டு ஜிபி நினைவகம் இருக்கிறது. அவற்றுக்காகப் புதிய கணினிகளை வாங்கும் அளவுக்குக் கடை வருமானம் இல்லை.

செங்காந்தள்

நேர வேறுபாட்டுக்கான காரணம் எளியது. கணினியின் மின்பலகையில் (மதர்போர்டு) பேட்டரியால் ஓடும் சிறு கடிகாரம் ஒன்று உண்டு. அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது, உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதில் பொது நேரத்தை எழுதிவைத்துவிட்டுப் போனால், விண்டோஸ் அதையே இந்திய நேரமாக நினைத்து ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. கோடையில் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாடுகளில் உள்ளூர் நேரத்தை வைப்பது குழப்பம் தரும் என்பதால்தான் லினக்ஸ் பொது நேரத்தை விரும்புகிறது. இந்தியாவில் அந்த வழக்கமே இல்லை. ஆகவே உங்கள் மேசைக்கணினியில், மின்பலகைக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸுக்குச் சொல்லிவிடுங்கள். டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்ற கட்டளையில் அதற்கான தெரிவு இருக்கிறது, ஒருமுறை செய்தால் போதும்.

இரண்டு இயங்குதளங்களும் உள்ள கணினியில் இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்துங்கள். அது இயக்கத்தில் இருந்தால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் வட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. கோப்பு சேமிக்கப்படவில்லை என்று வரும் புகார்களில் பல இதனால்தான்.

ஒற்றைப்பனை

அச்சுப்பொறியைப் பற்றி நான் எழுதுகிறேன். நான் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன், இந்தக் கேள்வி என்னிடம் வாராவாரம் வருகிறது.

லேசர் அச்சுப்பொறிகளில் இரண்டு குலம் உண்டு. ஒன்று, பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியைத் தானே புரிந்துகொள்ளும். பக்கத்தில் என்ன எழுத்து, எங்கே கோடு என்று கணினி சொன்னால் போதும். அதைப் புள்ளிகளாக மாற்றும் வேலையை அச்சுப்பொறியே பார்த்துக்கொள்ளும். மற்றொன்று, விலையைக் குறைப்பதற்காக அந்த அறிவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாதது. பக்கம் முழுவதையும் கணினியே புள்ளிகளாக மாற்றி, அந்த நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்த ஒரு வடிவத்தில் அனுப்ப வேண்டும். கடைகளில் அதிகம் விற்கும் சிறிய லேசர் அச்சுப்பொறிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் குலம். வடிவம் வெளியிடப்படாததால் லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் அமைப்புக்கு அதனோடு பேசத் தெரியாது. சில மாதிரிகளுக்கு நிறுவனமே லினக்ஸ் டிரைவரைத் தந்திருக்கும், அது 32-பிட் காலத்தது, இன்றைய வழங்கல்களில் ஏறத் தகராறு செய்யும். ஆர்வலர்கள் வடிவத்தை உய்த்தறிந்து எழுதிய டிரைவர்களும் சிலவற்றுக்கு உண்டு, அவை எல்லா மாதிரிகளுக்கும் பொருந்துவதில்லை. உங்களுக்கு வேலை முடிந்தது என்று காட்டியதற்குக் காரணம், கப்ஸ் தன் பக்கத்திலிருந்து தரவை அனுப்பி முடித்துவிட்டது. அச்சுப்பொறிக்கு அது புரியாததால் பேசாமல் விட்டுவிட்டது.

இந்தக் கோபம் புதியதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்திலேயே ஓர் அச்சுப்பொறி நிற்கிறது. எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்த பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி ரிச்சர்டு ஸ்டால்மன் செய்து வைத்திருந்தார். 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தபோது அதன் மூலநிரல் தரப்படவில்லை. நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், வெளியிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். 1983-இல் ஸ்டால்மன் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு சிற்றூர்க் கடையில் அதே சுவரில் முட்டிக்கொள்கிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நடைமுறைக்கு வருகிறேன். அச்சுப்பொறியை விண்டோஸ் கணினியிலேயே விட்டுவிடுங்கள். அதில் ஒரு கோப்புறையை வலையமைப்பில் பகிர்ந்து, லினக்ஸ் கணினிகளிலிருந்து பிடிஎஃப்பாக அதில் சேமித்து, அங்கிருந்து அச்சிடுங்கள். சுற்றுவழிதான், ஆனால் பழுதே வராது. அடுத்து வாங்கும்போது விற்பவரிடம் 'லினக்ஸில் ஓடுமா' என்று கேட்காதீர்கள். அவர் ஓடும் என்பார். பெட்டியின் மேல் ஏர்பிரின்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவரே இல்லாமல் இன்றைய கப்ஸ் அதைக் கண்டுகொள்ளும். பழையது வாங்குவதானால் பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் ஏற்கும் அலுவலக மாதிரியாக வாங்குங்கள்.

யாழ்வாசல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தமிழ் உள்ளீட்டில் புதியவர்கள் எல்லோரும் இடறுகிற இடம் ஒன்றுதான். விசைப்பலகை அமைப்பைத் திறந்தவுடன் மொழிப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று ஒன்று தெரியும். அதைத் தேர்ந்தெடுப்பதுதான் இயல்பு, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அது எக்ஸ்கேபி என்ற அடித்தள விசைப்பலகை வரைவு. இந்த விசையை அழுத்தினால் இந்த எழுத்து என்ற நிலையான பொருத்தம் மட்டுமே அதற்குத் தெரியும், முந்தைய எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கத் தெரியாது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையின் உயிர்நாடியே முந்தைய எழுத்தைப் பார்ப்பதுதான். 'அம்மா' என்று எழுத ஏ, கே, கே, கியூ என நான்கு விசைகள் போதும். இரண்டாவது மகரம் வந்தவுடன் முதல் மகரத்துக்குத் தானே புள்ளி வைக்க வேண்டும், பின்னால் வரும் ஆகாரத்தைக் காலாக மாற்ற வேண்டும். இந்த வேலையை உள்ளீட்டு நிரல் ஒன்றுதான் செய்ய முடியும்.

ஆகவே அந்த வரைவை நீக்கிவிட்டு, ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பையும், அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். மின்ட்டில் 'இன்புட் மெத்தட்' என்ற கருவியில் ஐபஸைத் தெரிவுசெய்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இந்த வெளியேற்றத்தைத் தவறவிட்டால் சில செயலிகளில் தமிழ் வரும், சிலவற்றில் வராது. எம்17என்-இல் தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. உங்கள் கடையில் பணிபுரியும் அம்மாவுக்கு அதைக் கொடுங்கள். இலங்கையில் பழகிய ரெங்கநாதன் முறையும் அதே தொகுப்பில் உண்டு, நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

உபுண்டுவைப் பயன்படுத்துபவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே இப்போது வேலாண்டு என்ற காட்சி அமைப்பு இயல்பாக வருகிறது. அதில் குரோமியத்தை அடிப்படையாகக் கொண்ட சில செயலிகள் உள்ளீட்டு அமைப்போடு பேசாமல் நிற்பதைப் பார்க்கலாம். அவற்றைத் தொடங்கும்போது வேலாண்டு உள்ளீட்டு ஆதரவைத் தனியாக இயக்கச் சொல்ல வேண்டியிருக்கும். மின்ட்டின் சின்னமன் என்ற திரைமுகப்பு இன்னும் இயல்பாகப் பழைய எக்ஸ் அமைப்பிலேயே ஓடுவதால் சகோதரிக்கு இந்தத் தொல்லை வராது.

லிப்ரே ஆபிஸ் அலுவலகத் தொகுப்பில் மொழி அமைப்புக்குள் சென்று, சிக்கலான எழுத்தமைவுக்கான மொழியாகத் தமிழைக் குறியுங்கள். அதைச் செய்யாவிட்டால் ஆங்கில எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், தமிழ் எழுத்துரு மாறவே மாறாது. லதா எழுத்துருவில் தயாரித்த கோப்புகளைத் திறந்தால் லோகித் அல்லது நோட்டோ எழுத்துரு அதன் இடத்தில் வந்து அமரும். வரி உயரம் வேறுபடுவதால் பத்துப் பக்கக் கோப்பு பதினொன்றாகும். மனு, பத்திரம் போன்றவற்றில் இது முக்கியம், ஆகையால் வாடிக்கையாளருக்கு எப்போதும் பிடிஎஃப்பாகவே கொடுங்கள்.

அலைகடல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் புதிய மடிக்கணினியில் நிறுவல் திரை வரை வருகிறது, ஆனால் எஸ்எஸ்டியே இல்லை என்கிறது. விண்டோஸில் அது நன்றாக இருக்கிறது. என்ன காரணம்?

செங்காந்தள்

இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் வட்டு அமைக்கப்பட்டிருக்கும். பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அதை ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் நேரே மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் தொடங்காமல் போகும். முதலில் விண்டோஸை 'சேஃப் மோட்'டில் தொடங்கும்படி அமைத்து, பிறகு பயோஸில் மாற்றி, ஒருமுறை அந்த முறையில் தொடங்க விட்டு, பின்னர் இயல்பு நிலைக்குத் திரும்புங்கள். இதற்கெல்லாம் முன்பு விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரின் மீட்புக் குறியீடு உங்கள் கையில் இருக்க வேண்டும். புதிய மடிக்கணினிகளில் உங்களுக்குத் தெரியாமலே வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கக் கூடும். பயோஸில் கை வைத்தவுடன் அந்தக் குறியீட்டைக் கேட்கும், இல்லாவிட்டால் தரவு போய்விடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அதை எடுத்துத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

இரண்டு இயங்குதளங்களை ஒரே கணினியில் வைப்பவர்கள் 2024 ஆகஸ்டில் நடந்ததையும் அறிந்திருக்க வேண்டும். அம்மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு, பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களைச் செக்யூர் பூட் ஏற்காதபடி செய்தது. இரட்டை இயங்குதளக் கணினிகளை அது தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும் பல கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. பயனர் எதுவுமே செய்யாமல் நடந்தது அது. லினக்ஸைத் தனிக் கணினியில் வைப்பதையே நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூணாறு மழை

இடுக்கி மாவட்டத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பழைய பெட்டி ஐயா எழுப்பிய ஐயத்துக்கு எங்கள் அனுபவம் ஓரளவு விடையாகும் என்று நினைக்கிறேன். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டமும், 2017-இல் அது கைட் என்ற நிறுவனமாக மாறிய பின்பும், அரசுப் பள்ளிகளுக்குக் குனு/லினக்ஸையே கொண்டுவந்தன. இப்போது வகுப்பறையில் ஓடுவது உபுண்டுவைப் பள்ளிகளுக்கு ஏற்றபடி மாற்றியமைத்த பதிப்பு. நீங்கள் இங்கே பேசும் கோளாறுகள் அனைத்தும் அதிலும் வரக்கூடியவையே. ஆயினும் நான் நீலத் திரையைக் கண்டு திகைத்து நின்றதில்லை. பக்கத்துப் பள்ளியிலும் அதே பதிப்பு, அதே வன்பொருள். எங்கள் பயிற்சியிலும் பாடநூலிலும் அதுவே இருக்கிறது, சிக்கல் வந்தால் தொலைபேசியில் கேட்க ஆள் இருக்கிறார். ஒரு கடைக்காரர் தனியாக நின்று இதைச் செய்யும்போது இந்த நான்கும் அவருக்கு இல்லை. அந்தக் குறையை இயங்குதளத்தின் குறையாக மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய பெட்டி

ஆசிரியர் சொல்வதை ஏற்கிறேன். நான் கடைக்குச் சொன்ன தயக்கமும் அதையே ஒட்டியது: கேட்க ஆள் இல்லாத இடத்தில் தொழிலை இதில் வைக்க வேண்டாம் என்பதுதான். இந்த இழையில் ஆள் கிடைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு வேண்டுகோள். சகோதரி, உங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே வழங்கலின் ஒரே நீண்டகால ஆதரவுப் பதிப்பை வையுங்கள். மின்ட் 22 என்பது உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அதற்குப் புதுப்பிப்பு உண்டு. யார் வந்து புதியது என்று காட்டினாலும் அதுவரை மாற்றாதீர்கள். உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம் மட்டுமே ஆதரவு. அவற்றைக் கடையில் வைத்தால் ஆண்டுதோறும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும். கணினியின் நிலையைப் படியெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்டை இயக்கி வையுங்கள். ஒரு புதுப்பிப்பு எதையாவது கெடுத்தால் முந்தைய நாளுக்குத் திரும்பலாம்.

தென்றல்வழி

செங்காந்தள் ஐயாவின் மறுப்பைப் படித்த பிறகு என் பழைய மடிக்கணினியை எடுத்துப் பார்த்தேன். அதில் இருக்கும் சில்லுக்கான டிரைவர் புதிய கர்னலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மின்ட்டிலேயே புதுப்பிப்பு மேலாளரில் புதிய கர்னலைத் தேர்ந்திருந்தாலும் போதுமாக இருந்திருக்கும். இந்த வாய்ப்பை நேரே சொல்லியிருந்தால் யாருக்கேனும் உதவும் என்பதால் இங்கே பதிகிறேன்.

மருதநிலம்

அனைவருக்கும் நன்றி. கடிகாரம் சரியாகிவிட்டது. எங்கள் அம்மா தட்டச்சு முறையில் ஒரு மனுவை முழுதாக அடித்துக் காட்டினார், 'ஸ்ரீ' எந்த விசையில் என்று மட்டும் தேடினார். அச்சுக்குப் பகிர்ந்த கோப்புறையை வைத்துக்கொண்டோம். கைரேகைக் கருவியும் பேஜ்மேக்கரும் உள்ள கணினிக்கு மட்டும் விண்டோஸ் நீட்டித்த புதுப்பிப்பைப் பதிவுசெய்துவிட்டேன்.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. எங்களிடம் வானவில் அவ்வையார், பாமினி ஆகிய எழுத்துருக்களில் செய்த பழைய கோப்புகள் நிறைய உள்ளன. லிப்ரே ஆபிஸில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. திருமண அழைப்பிதழ் வேலையை ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோக முடியுமா?

யாழ்வாசல்

அந்த எழுத்துருக் கோப்புகளை விண்டோஸிலிருந்து எடுத்து, உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, லினக்ஸில் இருமுறை சொடுக்கி நிறுவினால் பழைய கோப்புகள் அப்படியே தெரியும். அவை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறையில் அமையாதவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கின்றன. எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் இருப்பது வெளியே தெரிகிறது, அவ்வளவே. எந்த இயங்குதளத்திலும் இதுவே நடக்கும்.

ஸ்க்ரைபஸுக்கு 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுங்கள். 2024 ஜனவரியில் வந்த அந்தப் பதிப்புக்கு முந்தைய 1.4 வரிசையில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் அமராது. பழைய விடைகளில் ஸ்க்ரைபஸ் தமிழுக்கு ஆகாது என்று படித்திருந்தால் அது அந்த வரிசையைப் பற்றியது. பேஜ்மேக்கர் கோப்பை அது நேரடியாகத் திறக்கும் என்று நம்பி வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். உரையைத் தனியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்தைப் புதிதாகவே அமையுங்கள். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் அழைப்பிதழ் வார்ப்பு ஒன்றை முதலில் மாற்றிப் பார்த்து, ஒற்றெழுத்தும் ஆய்த எழுத்தும் எங்கேனும் தவறியிருக்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றிகள் பெரும்பாலும் தவறுவது அந்த இடங்களில்தான்.